பாட்டிலுக்குப் பதில் பாப்பா

ஒரு கையில் ஏழு மாதக் குழந்தை. இன்னொரு கையில் குளுக்கோஸ் தண்ணீர் பாட்டில். இரண்டில் எது அழும், எது அழாது என்று பி.எஸ்ஸி. படித்த ஒருத்திக்குத் தெரியாமல் போகுமா? மூன்று வருடமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். (என் கணவர் ஒரு பதில் வைத்திருக்கிறார். அதை அச்சில் போட முடியாது.)

நான் பிறந்தது திண்டிவனம், வாழ்க்கைப்பட்டது விழுப்புரம். பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடும் தூரம்தான். ஆனால் சைக்கிள் பந்தயம் என்று வந்துவிட்டால் இரண்டும் இரண்டு நாடு. ஒவ்வொரு காணும் பொங்கலன்றும் திண்டிவனத்தில் புறப்பட்டு விழுப்புரத்தில் முடியும் அந்தப் பந்தயம், டிரங்க் ரோட்டு லாரிகளுக்குப் பயந்து ஏரிக்கரை, வரப்பு, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக் கொல்லை என்று புகுந்து புகுந்து போகும். மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு எலும்புக்கூடு மாதிரி ஒரு சைக்கிள். அதன்மேல் எலும்புக்கூடு மாதிரி ஒரு ஆள்.

அந்த ஆட்களில் ஒருவன் என் கொழுந்தன் சேகர். முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மெட்ராஸில் நடக்கும் பெரிய பந்தயத்துக்கு அனுப்புவார்கள். வராவிட்டால் சைக்கிளுக்கு முழுக்குப் போட்டுவிட்டு மாமனாரின் மல்லாட்டை மண்டியில் உட்கார வேண்டும். அப்பாவும் பிள்ளையும் பேசி முடித்த ஒப்பந்தம் அது. மண்டித் தூசியில் சேகர் தும்ம ஆரம்பித்தால் கடை மூடும்வரை நிற்காது. அதனால் அவன் மூக்கின் எதிர்காலமே அந்தப் பந்தயத்தில் இருந்தது.

பந்தயத்துக்கு நடுவில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. முண்டியம்பாக்கத்துக்கு முன்னால் ஓர் ஏரி. மழைக்கு நிரம்பி, கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் முழங்கால் அளவு வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. அங்கே யாராலும் சைக்கிளை மிதிக்க முடியாது. தோளில் தூக்கிக்கொண்டு நடந்து கடந்து, மேட்டில் ஏறித்தான் மறுபடி மிதிக்க வேண்டும். நான் அந்த மேட்டில் நிற்க வேண்டும்.

"அண்ணி, எதையும் யோசிக்காதீங்க. பாட்டில நீட்டுங்க, நான் புடுங்கிக்கினு போய்க்கினே இருப்பேன்" என்றான் சேகர்.

என்னிடம் யோசிக்காதே என்று சொன்னால் அதைப் பற்றியும் யோசிப்பேன். மூடியைத் திறந்து கொடுப்பதா, மூடிக் கொடுப்பதா? குளுக்கோஸ் எத்தனை ஸ்பூன்? வீட்டுக் கொல்லையில் ஒத்திகை பார்த்தோம். முதல் தடவை நான் பாட்டிலை விடாமல் பிடித்துக்கொண்டதில் அவன் முருங்கை மரத்தில் போய் முட்டினான். பிறகு கை பழகிவிட்டது. குழந்தைக்கும் வழி கண்டுபிடித்தேன். ஆள் வருவது தெரிந்ததும் பாப்பாவைப் பக்கத்து வீட்டு சரோஜா அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும். பாட்டிலை சேகரிடம் கொடுக்க வேண்டும். இரண்டே இரண்டு காரியம்.

பாப்பா என்றுதான் எழுத முடிகிறது, ஏனென்றால் அப்போது அவளுக்குப் பெயர் இல்லை. அத்தைக்கு அங்காளம்மா என்று வைக்க ஆசை, என் கணவருக்கு சுமதி. யார் மனதும் நோகக் கூடாது என்று நான் யோசித்து யோசித்து ஏழு மாதம் ஓடிவிட்டது.

கலங்கல் மேட்டில் திருவிழாக் கூட்டம். பாதிப் பேர் கரும்பு கடித்துக்கொண்டே பந்தயக்காரர்களுக்கு யோசனை சொன்னார்கள். மீதிப் பேர் யார் பாசியில் வழுக்கி விழுவார்கள் என்று பார்க்க வந்தவர்கள். நான் அதிர்ந்து பேசாத மருமகள் என்று பெயரெடுத்தவள். முதல் சைக்கிள் தலை தெரிந்ததும் கூட்டம் "ஹோ" என்றது பாருங்கள், எனக்குள் ஏதோ கழன்றுகொண்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஜல்தி! ஜல்தி!" என்று கத்தினேன். அந்த வார்த்தையை அதற்குமுன் நான் சொன்னதே கிடையாது.

"யம்மா, காது!" என்றார் சரோஜா அக்கா.

வந்த ஆள் தலை முதல் கால்வரை சேறு. சேற்றில் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருந்தார். எல்லோரும் கத்துகிறார்களே, சேகராகத்தான் இருக்கும் என்று நானே முடிவுகட்டினேன். தோளில் சைக்கிளோடு மேடேறினார். ஒத்திகை பார்த்தபடி ஓரடி முன்னால் வைத்தேன். ஒத்திகை பார்த்தபடி இரண்டு காரியத்தையும் ஒரே மூச்சில் செய்தேன்.

பாட்டிலை சரோஜா அக்காவிடம் கொடுத்தேன். பாப்பாவைச் சேற்றுப் பிள்ளையாரிடம் கொடுத்தேன்.

அவரும் பழக்கதோஷத்தில் வாங்கிக்கொண்டார். ஒரு தோளில் சைக்கிள், ஒரு கையில் என் பெண். பாப்பா அவர் மூக்கைப் பிடித்துச் சேற்றைச் சுரண்டிப் பார்த்தாள்.

"என்னாங்க இது?" என்றார்.

"பாப்பா" என்றேன். (இதைவிட நல்ல பதில் எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.)

குரல் சேகருடையது இல்லை. அப்போதாவது குழந்தையைத் திரும்ப வாங்கியிருக்கலாம். அதற்குள் வெற்றிலை போட்ட ஓர் அம்மாள் ஓங்கிச் சொல்லிவிட்டார்: "அட, பேரு வெக்கக் குடுக்குதுடி அந்தப் பொண்ணு! மொதல்ல வர்ற ராசிக்காரன் கையில குடுத்துது பாரு!"

தேர்தல் சமயத்தில் வேனில் வரும் தலைவர்களிடம் குழந்தையை நீட்டிப் பெயர் வைக்கச் சொல்வார்களே, கூட்டத்துக்கு அந்த ஞாபகம் வந்துவிட்டது. "பேரு! பேரு!" என்று கைதட்டல். நாலு பேர் துண்டைச் சுழற்றினார்கள். ஒருவர் விசிலே அடித்தார். இத்தனை பேர் முன்னால் குழந்தையைப் பிடுங்கினால் மரியாதையாக இருக்குமா, பாதியில் தடுத்தால் பாப்பாவுக்கு ஆகாதோ என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

அவர் சைக்கிளைக் கீழே இறக்கினார். நல்லபடியாக வளர்க்கப்பட்ட மனிதர். "பொண்ணா, பையனா?"

"பொண்ணுங்க."

"எந்த எழுத்துல வரணும்?"

எந்த எழுத்தானாலும் சரி என்று சொல்லியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்போம். நான் அத்தையின் ஆசையைச் சொன்னேன். கணவரின் ஆசையைச் சொன்னேன். இரண்டிலும் உள்ள நல்லது கெட்டதையும் சொன்னேன். அவர் மூச்சிரைக்கத் தலையாட்டிக் கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் இன்னும் சில அம்மாக்கள் குழந்தைகளோடு வரிசை கட்டிவிட்டார்கள்.

"அண்ணீ! பாட்டிலு!"

தண்ணீர் நடுவில், தோளில் சைக்கிளோடு, நிஜமான சேகர்.

நான் சரோஜா அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை வாயில் விட்டுக்கொண்டிருந்தார். "டென்சன்ல குடிச்சிட்டேன்டா தம்பி" என்றார்.

சேகர் மேடேறினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். "அண்ணி, அது நம்ம பாப்பாதான? அவன் கையில இன்னா பண்ணுது?"

"பேரு வெச்சிக்கினு இருக்காங்க" என்றது கூட்டம்.

"அவன் ஏழுமல! திண்டிவனத்துக்காரன்!" சேகரும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டான். "யோவ், எங்கம்மா அங்காளம்மான்னு வேண்டிக்கினு இருக்காங்க. நீ யாருய்யா பேரு வெக்க?"

"நானாப்பா கேட்டேன்? உங்க அண்ணிதான் குடுத்தாங்க!"

அப்போது, "கொஞ்சம் வழி வுடுங்கம்மா" என்று ஒரு குரல். பந்தயத்துக்கு விக்கிரவாண்டியிலிருந்து வந்திருந்த ஒரு குண்டு மனிதர், தோளில் சைக்கிளோடு. வழியெல்லாம் கேலி வாங்கிக்கொண்டு வந்த அவரை இந்தக் கூட்டம் கவனிக்கவே இல்லை. நான்தான் ஒதுங்கி வழிவிட்டேன். "பாத்துப் போங்கண்ணா, வழுக்கும்" என்று வேறு சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய் முதல் பரிசு வாங்கினார்.

அவர் முதுகைப் பார்த்ததும்தான் ஏழுமலைக்கு உறைத்தது. பாப்பாவைத் தலைக்கு மேலே தூக்கி, "வெற்றிச்செல்வி!" என்று கத்தினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. "புடிப்பா உங்க கொழந்தைய" என்று அவளை சேகர் கையில் வைத்துவிட்டு சைக்கிளில் தாவினார்.

இப்போது குழந்தை சேகர் கையில். வரிசையில் நின்ற அம்மாக்கள் எல்லாம் அவன் பக்கம் திரும்பினார்கள். "இந்தாப்பா, நீயாவது ஒரு பேரு வெச்சிட்டுப் போ!" அவர்களிடமிருந்து பிய்த்துக்கொண்டு, பாப்பாவை என்னிடம் திணித்துவிட்டுப் போனான். ஏழுமலை இரண்டாவது. சேகர் மூன்றாவது.

திண்டிவனத்தில், கொழுந்தன் ஜெயிக்க நான் ஏழுமலையை மடக்கினேன் என்றார்கள். விழுப்புரத்தில், பிறந்த ஊர்ப் பாசத்தில் எதிரியை வைத்துப் பெயர் சூட்டினேன் என்றார்கள். அத்தை மட்டும், "ஊரே கைதட்டி வெச்ச பேரு, மாத்தக் கூடாது" என்று சொல்லி ஏழு மாதப் பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் முடித்தார்.

சேகர் மண்டியில் உட்கார்ந்தான். எங்கள் வீட்டு வாசல்வரை கேட்கும் ஒவ்வொரு தும்மலும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மாதிரியே இருக்கும். பல நாள் என்னோடு பேசவில்லை. பேசியபோது முதலில் கேட்டது, "அண்ணி, சோறு எந்தக் கையால போடப்போறீங்க?" அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் காபி டம்ளரை நீட்டினால்கூட, "எந்தக் கை?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள். மூன்று வயது வெற்றிச்செல்வியும் கேட்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பொங்கலுக்கு மாமனார் இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார். (தும்மலுக்குப் பயந்து வியாபாரிகள் எதிர்க் கடைக்குப் போக ஆரம்பித்ததுதான் காரணம்.) அதே கலங்கலில் நான்தான் நிற்க வேண்டும் என்கிறான் சேகர்.

"வேற யாராவது நிக்கட்டுமே தம்பி" என்றேன்.

"உங்க கூடதான் ஒத்திக பாத்திருக்கேன் அண்ணி. அதுவும் இல்லாம, நீங்க நின்னாதான் ஏழுமல மெரளுவான்."

ஆனால் அவர் மிரளவில்லை. திண்டிவனத்திலிருந்து என் அண்ணன் மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "வெற்றிச்செல்விக்குத் தம்பி பொறந்திருக்கானாமே? ரெண்டு மூணு பேரு யோசிச்சி வெச்சிக்கினுதான் வர்றேன்."

உண்மைதான். பையனுக்கு ஐந்து மாதம். இன்னும் பெயர் வைக்கவில்லை.

வாசகர்களே, நான் போகட்டுமா, வேண்டாமா? போனால் பையனை விட்டுவிட்டுப் போக முடியாது, அழுவான். சரோஜா அக்காவை வேண்டாம் என்றால் அவர் மனது நோகும். கூட்டிப்போனால் பாட்டில் தங்காது. போகாமல் இருந்து சேகர் தோற்றுவிட்டால், அந்தத் தும்மலை ஆயுசுக்கும் கேட்கப்போவது நான்தான். பொங்கலுக்குள் ஒரு கார்டு போடுங்கள். எதில் பாட்டில், எதில் பையன் என்று கையை மட்டும் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.