வேலியோரம் ஒரு குருவிப் பெரட்டு

ஒரு நல்ல மனிதரைப் பொய் சொல்லிப் போலீசில் பிடித்துக் கொடுத்தவன் நான். அதுவும், நெகிரி செம்பிலானிலேயே பறவைகளுக்குப் பெரட்டு எடுத்த ஒரே மனிதரை.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலம் அது. லாபு பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டில் பதுங்கியிருப்பவர்களுக்குப் போய்விடக் கூடாதென்று அரிசியை அளந்துதான் தருவார்கள். வேலியோரம் விளைந்த கீரையும் பயற்றங்காயும்தான் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பின.

அந்தப் பாத்திகளுக்கு ராஜா, ஆட்களை வேலை வாங்கும் எங்கள் குருவி மண்டோர். காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்கு முன்னால், வேலியோரம் இன்னொரு பெரட்டு நடத்துவார். கரிச்சான்கள் உட்கார மூங்கில் கம்பு நட்டு, குறுக்குக் குச்சி கட்டியிருந்தார். மேலே அமர்ந்து பார்க்கும். அந்துப்பூச்சி பறந்தால், புழு நெளிந்தால், ஒரே பாய்ச்சல். மைனாக்கள் கீழே நடந்து வெட்டுக்கிளிகளைப் பொறுக்கும். எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு.

"முனியாண்டி! டேய் சுப்பையா, நேத்து எங்கடா போனே? அரைநாள்தான் போடுவேன்! மருதாயி, புருசன் சண்டைய வீட்டுல வச்சிக்க!"

ஒருநாள் நான் பெரட்டுக்குத் தாமதம். எல்லார் முன்னாலும் சொன்னார்: "சுப்பையா பவுடர் பூசறதில்ல, சட்டைக்கு இஸ்திரி போடறதில்ல. அதான் நேரத்துக்கு வந்துடறான். நம்ம கிராணி தம்பி பாவம்லா!"

பெண்கள் பாலெடுக்க மரம் வெட்டப் போகும் வழியெல்லாம் சிரித்தார்கள்.

அன்றே வாசல் காவலிடம் போனேன். "மண்டோர் விடியலில் காட்டைப் பார்த்து ஆட்களைக் கூப்பிடுகிறார். கம்புகள் சைகை" என்றேன். அவர் கூப்பிடும் பெயர்களையும் சொன்னேன். மண்டோரை லாரியில் ஏற்றினார்கள். கம்புகளைப் பிடுங்கி எறிந்தார்கள். கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று லயமெல்லாம் பேச்சு.

உட்கார இடமில்லாமல் கரிச்சான்கள் போயின. கீரை சல்லடையானது. மண்டோரின் மனைவி ஓர் இலையை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஓட்டைய வதக்கவா கிராணி, புழுவ வதக்கவா?"

அந்த இலைக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மண்டோரை அடைத்து வைத்திருந்த இன்ஸ்பெக்டரிடம் போய், சொன்னதெல்லாம் பொய், அவர் கூப்பிட்டது பறவைகளைத்தான் என்றேன். பொய்யை உடனே நம்பியவர் உண்மையை நம்பவில்லை. பறவைகளைக் காட்டச் சொன்னார்.

கம்புகளை நானே நட்டேன். விடியலில் நின்று கத்தினேன். பறவைகள் வரவில்லை; வேடிக்கை பார்க்க லயமே வந்தது.

"கிராணிக்கும் முத்திப்போச்சுலா!"

நான் விடவில்லை. இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், கரிச்சான் ஒன்று கம்பில் வந்து இறங்கியது. "சுப்பையா!" என்று அலறினேன். அது பாய்ந்து, கொழுத்த புழு ஒன்றைக் கவ்விக்கொண்டு மறுபடி கம்பில் அமர்ந்தது. இன்ஸ்பெக்டர் சிரிப்பு வெளியே தெரியாமல் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார்.

மண்டோர் விடுதலையாகித் திரும்பியபோது கீரை மறுபடி தளிர்த்திருந்தது. வேலியோரம் அவரை நிறுத்தினேன்.

"மண்டோரே, காட்டிக் கொடுத்தது நான்தான்."

அவர் குனிந்து ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். எதையாவது சொல்ல வேண்டுமே என்று கம்பைக் காட்டினேன். "சுப்பையா வந்துட்டான்."

"அது சுப்பையா இல்ல, முனியாண்டி. வால பாரு." லயத்தை நோக்கி நடந்தவர் திரும்பினார். "காலையில வா."

போனேன். பெரட்டில் பாதிப் பெயர்களைக் கூப்பிட எனக்கு விட்டுக்கொடுத்தார்.