அக்ஸல், ஆயிலிய நட்சத்திரம்

சனிக்கிழமை காலமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். கோயிலுக்குப் போய் மகளின்ரை பிறந்தநாளுக்கு ஒரு அர்ச்சனை செய்துபோட்டு வரவேணும்.

மனுசி வதனி வேலைக்குப் போக முன்னம் துண்டு எழுதித் தந்திட்டா. என்ரை பேர், தன்ரை பேர், கடைசியா மகள் ஆரணி. பக்கத்திலை அவரவர் நட்சத்திரம். குருக்களிட்டை நீட்டினாச் சரி. ஒரு குழந்தைப்பிள்ளை கூடச் செய்யும்.

அந்தக் குழந்தைப்பிள்ளையிட்டை வட்ஸ்அப் குரூப் இருந்திருக்காது.

எங்கடை குரூப்பிலை மூண்டே பேர். ரொறொன்ரோவிலை இருக்கிற என்ரை மச்சான் சிவா. இஞ்சை எல்லர்ஸ்லியிலை என்னோடை வேலை செய்யிற சென்னைப் பொடியன் கார்த்திக். மற்றது நான். கதைக்கிறது ஐஸ் ஹாக்கி மட்டும். ஒக்லண்டிலை இருந்துகொண்டு உனக்கேன் கனடா ஹாக்கி எண்டு கேளாதேங்கோ. வதனி கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போனா.

வருசா வருசம் இளம் பொடியளை டிராஃப்ட் எண்டு முறை வைச்சு எடுப்பினம். போன வருசம் எங்கடை டீம் முதல் ரவுண்டிலையே ஒரு சுவீடன் பொடியனை எடுத்தது. பேர் அக்ஸல், வயசு பத்தொன்பது. பனியிலை அவன் ஓடுறதைப் பாத்தா எனக்குக் கண் கலங்கும்.

ஆனா அவன் ஓடினதை விடப் படுத்ததுதான் கூட! ரெண்டு தரம் தோள் கழண்டது. பிறகு முழங்காலிலை ஒபரேஷன். அண்டைக்கு மத்தியானம் எங்கடை நேரம் பன்னிரண்டு மணிக்குத்தான் திரும்ப விளையாட வாறான்.

கோயில் வாசல்லை சப்பாத்தைக் கழட்டேக்கை போன் டிங் டிங் எண்டுது.

"அண்ணா, இவன் தேற மாட்டான். மார்க்கெட் இருக்கும்போதே வேற ஆளுக்கு மாத்திடணும்" எண்டான் கார்த்திக்.

"வாயைக் கழுவடா! பத்து வருசத்துக்கு ஒருக்காத்தான் இப்பிடி ஒருத்தன் வருவான்" எண்டான் சிவா.

நான் சும்மா இருந்திருக்கலாம். "கோயில்லைதான் நிக்கிறன்" எண்டு போட்டன்.

உடனை சிவா, "மச்சான், அவன்ரை முழங்காலுக்கு ஒரு அர்ச்சனை செய்!"

அக்ஸலை நம்பாத கார்த்திக்கும், "செஞ்சிடுங்கண்ணா, ஒண்ணும் குறைஞ்சிடாது" எண்டான்.

நட்சத்திரத்துக்கு எங்கை போறது? சிவா இணையத்திலை பிறந்த திகதியைத் தேடி, சுவீடன் நேரத்தையும் குத்துமதிப்பாப் போட்டுப் பாத்து, ஆயிலியம் எண்டு கண்டுபிடிச்சான். "ஆயில்யமா? அதான் முட்டி போச்சு!" எண்டான் கார்த்திக்.

பேனையை எடுத்து, துண்டிலை ஆரணிக்குக் கீழை எழுதினன். அக்ஸல், ஆயிலியம்.

இதிலை என்ன பிழை எண்டு உங்களுக்கு இப்பவே விளங்கியிருக்கும். எனக்கு விளங்க மூண்டு மணித்தியாலம் பிடிச்சது.

குருக்கள் துண்டைப் பாத்தார். என்னைப் பாத்தார்.

"அக்ஸலோ? கார் பூசையெண்டால் வாகனத்தை முன்னுக்குக் கொண்டாங்கோ."

"இல்லை ஐயா, ஆளின்ரை பேர். எங்கடை பொடியன்தான். போன வருசம் எடுத்தனாங்கள்."

குருக்கள் துண்டோடை உள்ளை போனார். மணியை அடிச்சு ஒவ்வொரு பேரா, நட்சத்திரத்தோடை சொன்னார். என்ரை பேர், வதனியின்ரை பேர், ஆரணி, அதோடை ஒட்டி "அக்ஸல் நாமதேயஸ்ய!" எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. அவன்ரை முழங்கால் அப்பவே சுகமான மாதிரி இருந்தது.

திரும்பினா, பின்னாலை புவனா அக்கா. மவுண்ட் வெல்லிங்டனிலை ஒரு விசயம் காலமை இவவின்ரை காதிலை விழுந்தால் மத்தியானம் ஊரின்ரை மற்றப் பக்கம் மவுண்ட் ஆல்பர்ட்டிலை கதைப்பினம். பிரசாதத்தைக் கையிலை வைச்சுக்கொண்டே கேட்டா.

"தம்பி, அந்தப் பொடியன் வெள்ளையே?"

அவவின்ரை தம்பியும் ரொறொன்ரோவிலைதான். அக்காவுக்கும் ஹாக்கி தெரியும்போலை எண்டு எனக்குச் சந்தோசத்திலை ஒரே புளுகம்!

"ஓம் அக்கா, சுவீடன். ஆறடி மூண்டு அங்குலம்!"

"உங்களுக்கெல்லாம் சம்மதமோ?"

"எனக்கு முதல் நாளே பிடிச்சுப்போச்சு. கார்த்திக் எண்டு ஒருத்தன்தான் இவனை மாத்திப்போட்டு வேறை ஆளைப் பாப்பம் எண்டுறான்."

"மாத்துறதோ!" அக்கா நெஞ்சிலை கை வைச்சா.

"அதுதானே அக்கா! தோள் ரெண்டு தரம் கழண்டது உண்மைதான், முழங்காலும் வெட்டினதுதான். அதுக்காக எடுத்த பொடியனை விடுறதோ? இப்பத்தானே பத்தொன்பது வயசு!"

அக்காவின்ரை வாய் திறந்தபடி நிண்டுது. என்ன இரக்கமான மனுசி எண்டு நினைச்சன்.

வீட்டை வந்து, தேத்தண்ணி ஊத்தி, மட்சைப் போட்டுக்கொண்டு இருந்தன். பத்து நிமிசத்திலை கோல்! அடிச்சது அக்ஸல்! நான் கதிரைக்கு மேலை ஏறி நிண்டு கத்திறன். கதவு படாரெண்டு திறந்துது.

வதனி. வேலையைப் பாதியிலை விட்டிட்டு வந்திருக்கிறா.

"இஞ்சருங்கோ! ஆர் அந்த அக்ஸல்?"

"எங்கடை பொடியனப்பா!"

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மாப்பிள்ளை எடுத்துப்போட்டியளோ? அதுவும் ஆயிலியம்! ஆயிலியக்காரன் வந்தால் மாமிக்கெல்லோ கூடாது! புவனா அக்கா எனக்குத் துக்கம் விசாரிக்கிற மாதிரிக் கதைக்கிறா! பிள்ளையை விட மூண்டு வயசு குறைஞ்ச முடவன் எண்டுறா!"

நான் கதிரைக்கு மேலை நிண்டபடியே டிவியைக் காட்டினன். அதிலை அக்ஸல் ஹெல்மெட்டும் உடைஞ்ச பல்லுமாச் சிரிச்சுக்கொண்டு நிண்டான்.

வதனி டிவியைப் பாத்தா. என்னைப் பாத்தா. அப்பிடியே நிலத்திலை குந்திச் சிரிக்கத் தொடங்கினா. கண்ணாலை தண்ணி ஓடுது. நானும் சிரிச்சன். அப்பாடா, பிரச்சினை முடிஞ்சுது எண்டு நினைச்சன்.

அந்த நேரம் பாத்து ஆரணி வந்தாள். மவுண்ட் ஆல்பர்ட்டிலை சிநேகிதியளோடை இருக்கிறவள். ரயிலிலை அழுதுகொண்டே வந்திருக்கிறாள்போலை, மூக்கெல்லாம் சிவப்பு. ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிச்சாள்.

"அப்பா, தாங்க் யூ! புவனா ஆன்ரி கோல் பண்ணினா. கோயில்லை, எல்லாருக்கும் முன்னாலை, என்ரை பேரோடை சேத்து! ஐ காண்ட் பிலீவ் இட்!"

"அது வந்து, பிள்ளை..."

"டூ இயர்ஸா சொல்லப் பயமா இருந்ததப்பா. நீங்க என்னோடை பேச்சை விட்டிடுவியள் எண்டு நினைச்சன். ஹவ் டிட் யூ ஃபைண்ட் அவுட்?" கண்ணைத் துடைச்சாள். "பட் அப்பா, நேம் கொஞ்சம் பிழை. அக்ஸல் இல்லை. அலெக்ஸ்."

வதனியின்ரை சிரிப்பு நிண்டுது.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தன். ஆனா இருபத்திரண்டு வருசத்திலை அவள் என்னை இவ்வளவு நேரம் கட்டிப்பிடிச்சதே இல்லை.

"அப்பாவுக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?" எண்டன்.

வதனி என்னை முறைச்ச முறைப்பை எழுத ஏலாது. பிறகு மெல்ல எழும்பி, சீலையைச் சரிசெய்து, மகளைக் கேட்டா. "அந்த அலெக்ஸ் உறைப்புச் சாப்பிடுவானோ?"

அலெக்ஸ் போன ஞாயிறு வந்து ரெண்டு தரம் கறி போட்டுச் சாப்பிட்டு, மூண்டு தரம் மூக்குச் சீறிப்போட்டுப் போனான். நல்ல பொடியன். ஆரணி இப்பவும் சிநேகிதியளுக்குச் சொல்லுறாளாம், உலகத்திலையே தன்ரை அப்பாதான் பெரிய மனசுக்காரர் எண்டு.

அவளுக்குத் தமிழ் வாசிக்கப் பழக்கேல்லை எண்டு இவ்வளவு நாளும் கவலைப்பட்டன், இதை எழுதுற இண்டைக்குத்தான் நிம்மதியா இருக்கு.