பதினோராவது கொண்டை ஊசி

இந்த வருஷம் பூராவும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் எனக்கே சொந்தம் என்று ஒரு முடிவு எடுத்தேன். எடுத்தபோது என் மனைவி வீட்டில் இல்லை. பெரிய முடிவுகளை அப்படித்தான் எடுப்பது என் வழக்கம்.

காரணம் மலை. எங்கள் தெரு முடியும் இடத்தில் வீடுகள் முடிகின்றன. ஒரு டயர் கடை, ஒரு பள்ளிக்கூட மைதானம், அவ்வளவுதான், அப்புறம் மலை. பல் விளக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தால் எதிரே நிற்கும். தினமும் பார்க்கிறேன், ஒரு நாளும் பழகவில்லை. இவ்வளவு பெரிய ஒன்று எங்கள் தெருவுக்குப் பின்னால் வந்து நிற்க எப்படி ஒத்துக்கொண்டது என்று இன்னமும் தோன்றும்.

நான் சாலைப் பிரிவு அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவனும் நான்தான். அதனாலோ என்னவோ எல்லாவற்றிலும் ஒரு பயம். விண்ணப்பத்தில் என் பிறந்த தேதியை எழுதும்போதுகூடச் சான்றிதழை எடுத்துச் சரிபார்த்துக்கொள்வேன். சைக்கிள் ஓட்டுவதும் அப்படித்தான். அடிவாரத்தைச் சுற்றியுள்ள மூன்று பாதைகளையும் முறையாகப் படம் போட்டு வைத்திருக்கிறேன். ஏரிக்கரைப் பாதை சமதளம். கல் குவாரிப் பாதை மேடும் பள்ளமும்; லாரி ஓடாத ஞாயிற்றுக்கிழமையில்தான் போக முடியும். மூன்றாவது கணவாய்ப் பாதை. ஏழு கிலோமீட்டர், பதினொரு கொண்டை ஊசி வளைவுகள். முதல் இரண்டையும் சைக்கிளில் ஓட்டியிருக்கிறேன். மூன்றாவதைப் பென்சிலால் ஓட்டியிருக்கிறேன்.

சிக்கல், தண்ணீர். எங்கள் பகுதி மேட்டில் இருப்பதால் தெருமுனைக் குழாயில் நல்ல தண்ணீர் ஞாயிறு காலை ஆறு முதல் ஒன்பது வரைதான் வரும். சாலை காலியாக இருப்பதும் அதே மூன்று மணி நேரம்தான். நான் மலையடிவாரத்தில் காற்று வாங்கும்போது கேன்களோடு வரிசையில் நிற்பது என் மனைவி.

"என்னங்க, இந்த ஞாயித்துக்கிழமை சைக்கிள் யாருக்கு?"

"ஏன், எனக்குத்தான்."

"வீட்டுல சைக்கிள் ஒண்ணு. குழாயடி ஒண்ணு. ஆறு மாசமா சைக்கிள் உங்களுக்கே விழுதே, சீட்டு குலுக்கினது யாரு?"

"நீ ஓட்டுவியா?"

"காலேஜுக்கு நாலு வருஷம் மிதிச்சிருக்கேன். காலேஜ் இருந்தது மேட்டுல."

இது எனக்குத் தெரியாது. அவளைப் பற்றி எனக்குத் தெரியாதவற்றை ஒரு படமாகப் போட்டால் எங்கள் வீட்டுச் சுவர் போதாது.

"நான் சும்மா ஊர் சுத்தலைம்மா. இது பயிற்சி. கணவாய்க்குப் போகணும்ல?"

"போயிட்டீங்களா?"

"போகப் போறேன்."

"எத்தனை மாசமாப் போகப் போறீங்க?"

நான் சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்தேன். அவளே தொடர்ந்தாள்.

"சரி, ஒரு பந்தயம். வர்ற ஞாயிறு கணவாய்க்குப் போங்க. வழியில எங்கயும் காலை ஊனாம மேல போயிட்டா, வருஷம் பூரா ஞாயித்துக்கிழமை உங்களுது. நான் வாயே திறக்க மாட்டேன்."

"ஊனிட்டா?"

"சைக்கிள் எனக்கு. கேன் உங்களுக்கு."

"ஊனினேனா இல்லையான்னு யார் வந்து பார்ப்பா?"

"யாரும் வேண்டாம். நீங்களே வந்து சொல்லுங்க."

"நானேவா?"

"ஏன், உங்க மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

எனக்கு உள்ளுக்குள் குதூகலம். ஓடுகிறவனும் நானே, நடுவரும் நானே! இப்படியா ஒருத்தி ஏமாறுவாள் என்று அவள் மேல் இரக்கம்கூட வந்தது. அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்களின் கையெழுத்தையே படிப்பவளுக்கு என் முகம் எம்மாத்திரம் என்று அப்போது உறைக்கவில்லை.

ஞாயிறு ஐந்தரைக்குக் கிளம்பினேன். முதல் மூன்று வளைவுகள் நான் சைக்கிளை ஓட்டினேன். நான்கிலிருந்து ஏழு வரை சைக்கிள் என்னை ஓட்டியது. எட்டாவதில் என் மூச்சு எனக்கு முன்னால் ஒரு கஜம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ஏற்றம் நூற்றுக்கு ஒன்பது என்று என் கையாலேயே படத்தில் எழுதியிருக்கிறேன். ஒன்பது என்றால் எவ்வளவு என்று அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் கால் ஊன்றவில்லை. பத்தாவதில் முழங்கால் இரண்டும் என்னிடம் மன்னிப்புக் கேட்டன. நான் கொடுக்கவில்லை.

பதினோராவது வளைவில் திரும்பினேன். பனி சட்டென்று விலகியது.

மலைக்குப் பின்னால் மலை இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால், நீலமா வெறும் ஆகாயமா என்று சொல்ல முடியாத ஒன்று. இத்தனை நாளும் வாசலில் நின்று நான் வாய் பிளந்து பார்த்தது அந்தக் கூட்டத்தின் முதல் படிக்கட்டு மட்டும்தான். வெயில் ஒவ்வோர் உச்சியாகத் தொட்டுக்கொண்டு போனது. கீழே எங்கள் புறநகர் ஒரு கைக்குட்டை. எங்கள் தெரு அதில் ஒரு நூலிழை. நூலின் நுனியில் எங்கோ குழாயடி. அங்கே கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளியாக என் மனைவி. சத்தமே இல்லை. உயரங்களைச் சென்டிமீட்டர் சுத்தமாக எழுதுவதுதான் என் பிழைப்பு. இதை எழுத என்னிடம் காகிதம் இல்லை. கண்ணில் நீர் முட்டியது. வியர்வை என்று சொல்லிவிடலாம். சொல்ல மாட்டேன்.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை.

நின்றேனா?

குனிந்து பார்த்தேன். என் இடது கால் சாலையோரக் கல் ஒன்றின் மேல், ஏதோ பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பதுபோல, ஜம்மென்று ஊன்றியிருந்தது. கணவாய்ப் பலகைக்கு இன்னும் நாற்பதடி.

சுற்றிலும் பார்த்தேன். ஆள் இல்லை. காலை எடுத்தேன், மிதித்தேன், பலகையைத் தொட்டேன், இறங்கிவிட்டேன்.

வீட்டு வாசலிலேயே அவள் நின்றிருந்தாள்.

"மேல போயிட்டீங்களா?"

"போயிட்டேன்."

இது உண்மை.

"எனக்குத் தெரியும்!" என்றாள். அவளே பிடித்து, அவளே தூக்கி வந்த தண்ணீரை, அவளே சூடாக்கி எனக்குக் குளிக்க வைத்தாள். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திங்களன்று, "கடையில எல்லார்கிட்டயும் சொன்னேங்க, அசந்துட்டாங்க," என்றாள். செவ்வாயன்று உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டாள். "உங்க ஞாயித்துக்கிழமைக்குத்தான்," என்றாள். அப்போதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். புதன்கிழமை அலுவலகத்தில் ஒரு பாலத்தை ஆற்றுக்குப் பக்கத்தில் வரைந்து வைத்தேன்.

வியாழன் காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"ஊனிட்டேன்."

"எதை?"

"காலை. பதினோராவது வளைவுல. மலையைப் பார்த்தேனா... மறந்துட்டேன்."

"தரையிலயா?"

"கல்லு மேல."

"கல்லு மேலதானே? விடுங்க."

"கல்லு தரையிலதானே இருக்கு!"

"எவ்வளவு உயரம்?"

"ஒரு சாண்."

"அப்போ தரைக்கு ஒரு சாண் மேல நின்னிருக்கீங்க. அது எப்படிங்க தரையாகும்?"

"அப்படின்னா மாடியில நிக்கிறவன்கூட அந்தரத்துல மிதக்கிறானா?"

"நீங்க முடியாம நிக்கலை. அழகைப் பார்த்து நின்னீங்க. அது கணக்குல வராது."

"வரும்! பந்தயம்னா காரணமெல்லாம் கிடையாது. ஊனினா ஊனினதுதான்."

"எனக்கு மனசு வரலைங்க. இவ்வளவு தூரம் ஏறிட்டு..."

"உனக்கு மனசு வரலைன்னா நான் விட்டுடுவேனா? நியாயம்னு ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை சைக்கிளை நீதான் எடுக்கணும்!"

அரை மணி நேரம் எனக்காக அவள் வாதாடினாள். எனக்கு எதிராக நான் வாதாடினேன். கடைசியில் பெருமூச்சு விட்டு, "நீங்க இவ்வளவு வற்புறுத்துறதால..." என்றாள். கல்யாணமானதிலிருந்து அவளோடு பேசி நான் ஜெயித்தது அன்றுதான். அலுவலகம் போய்ச் சேரும்வரை நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

ஞாயிறு வந்தது. அவள் இருக்கையை இரண்டு விரல்கடை இறக்கினாள், ஏறினாள், போனாள். தெருக்கோடி மேட்டில் எழுந்து நின்று மிதித்தாள். நான் மூச்சு வாங்கும் அந்த மேடு, அவளுக்குக் கீழே தானாகத் தாழ்ந்து கொடுத்தது. டயர் கடை போயிற்று. மைதானம் போயிற்று. இளம் வெயிலில் மலை மொத்தமும் நின்றது. அதை நோக்கி அவள் சின்னதாக, சின்னதாகப் போய்க்கொண்டே இருந்தாள். எதைப் பார்த்து வாய் பிளப்பது என்று தெரியாமல், கையில் கேன்களோடு, நான் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழாயடிக்குப் போனபோது நாற்பது பேர் வரிசை. அதை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஒருவர்; இன்னமும் கழுத்தில் விசிலோடு இருப்பார். கடைசியில் போய் நின்ற என்னைப் பார்த்து விசில் ஊதினார்.

"தம்பி, அங்க எதுக்கு நிக்கிறீங்க? மூணாவது இடம் உங்களுது. முன்னால வாங்க."

"எனக்கா? நான் இன்னிக்குத்தானே சார் முதல் தடவை வர்றேன்?"

"போன ஞாயிறு நீங்க மலை ஏறிக்கிட்டிருக்கும்போதே உங்க வீட்டம்மா சொல்லிட்டாங்களே தம்பி: 'மேல போனா மலையைப் பார்த்து நின்னுடுவாரு, கீழ வந்தா அதை அவரே சொல்லிடுவாரு, அதனால வருஷம் பூரா அவருக்கு ஒரு இடம் போட்டு வைங்க'ன்னு."