மாப்பிள்ளையின் சக்கரமும் மாமியாரின் லைசென்ஸும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் மாமியாரும் சுகம். நீங்களும் மகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் ஷெட்டில் நீங்கள் விட்டுப்போன காரும் சுகம். காரின் சுகத்தை இந்த மனிதர் எதற்குத் தனியாக எழுதுகிறார் என்று நீங்கள் யோசிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் பேசும்போது பக்கத்திலேயே மகள் இருப்பாள், அதனால்தான் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் மாமியாருக்கு மறுபடியும் டிரைவிங் டெஸ்ட். முந்தின தடவை இன்ஸ்பெக்டர் ஏறி உட்காருவதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவையும் போனால் இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று சொல்லியிருந்தாள், அவள் சும்மா சொல்கிறவளும் இல்லை. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் நானும் ஓட்டுவதைக் குறைத்துவிட்டேனா, வீட்டில் கார் இருந்தும் காய்கறிக்குக்கூட யாரையாவது கெஞ்ச வேண்டிய நிலைமை. அப்படி இருக்கையில் திங்கட்கிழமை சாயங்காலம் கடைசிப் பயிற்சி என்று கிளம்பி, தெருமுனையில் நடைபாதை மேல் ஏற்றி, இடது பக்கத்துச் சக்கரம் இரண்டையும் வளைத்துவிட்டாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "திருப்பு" என்றேன். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லையாம். தப்பு என்னுடையது என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

அடுத்த தெரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். எதைக் கேட்டாலும் "ஆயிடும் சார்" என்பதால் அவருக்கு ஆயிடும் என்றே பெயர். அவரே உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டுலயும் காத்து நிக்காது சார். புதுசு வாங்கணும்னா நாளைக்கு மத்தியானம்தான் கடை திறப்பான்" என்றார். டெஸ்டோ காலையில். சொல்லிவிட்டு மெல்ல ஷெட் பக்கம் பார்த்தார். நான் அந்தத் திசையில் பார்க்கவே இல்லை, மாப்பிள்ளை. உங்கள் மாமியார் பார்த்துவிட்டாள்.

"அது மாப்பிள்ளை ஆசைப்பட்டுத் தனியா வாங்கிப் போட்ட சக்கரம்" என்றேன்.

"நானும் ஆசைப்பட்டுத்தான் அவருக்குப் பொண்ணு குடுத்தேன்" என்றாள்.

உங்கள் வண்டியையே டெஸ்டுக்குக் கொண்டுபோகலாமே என்றால், அது கியர் இல்லாத வண்டி, இவள் விண்ணப்பித்திருப்பதோ கியர் வண்டிக்கு. ஆயிடும் இரண்டு வண்டியையும் குனிந்து பார்த்து, "அதுல போல்ட்டுக்கு நாலு ஓட்டை, இதுலயும் நாலு ஓட்டை. ஆயிடும் சார்" என்றார். காலமெல்லாம் எடை அளவுத் துறையில் இருந்து, கடைக்காரர்களின் படிக்கல்லை எல்லாம் சோதித்தவன் நான், ஓட்டையை எண்ணிப் பார்த்ததோடு விட்டுவிட்டேன், அகலத்தை அளக்கத் தோன்றவில்லை. சக்கரத்தைத் திருடர்கள் கழற்றாமல் இருக்க நீங்கள் போட்டிருக்கும் தனி நட்டுக்கான சாவியை உங்கள் டாஷ்போர்டில் தேடி எடுத்தோம். இரண்டை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்று ஆயிடும் நாலையுமே கழற்றி எங்கள் வண்டியில் மாட்டினார். உங்கள் வண்டியை மரக்கட்டைகள் மேல் நிறுத்தி, பார்க்கச் சங்கடமாக இருந்ததால் ஒரு போர்வையும் போர்த்தினேன். எங்கள் வண்டியில் அந்தச் சக்கரம் இரண்டு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. நேராகப் போனால் ஒன்றும் இல்லை, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் மட்டும் டயர் மட்கார்டில் உரசிக் கர்ர்ர் என்றது. "முழுசா ஒடிக்காதீங்கம்மா, முக்கால்வாசி போதும்" என்றார் ஆயிடும். ராத்திரி முழுக்க அவள் தூக்கத்தில் "முக்கால், முக்கால்" என்று முனகியது எனக்குத்தான் தெரியும்.

காலையில் டெஸ்ட் மைதானத்தில் நானும் ஆயிடுமும் மதில் ஓரமாக நின்றோம். அவள் வளைவுகளில் எல்லாம் ஊரைச் சுற்றுகிற மாதிரி அகலமாகச் சுற்றி வந்தாள். "ஏன் மேடம் இவ்வளவு சுத்தறீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டது எங்களுக்கே கேட்டது. "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல சார்" என்றாள். கடைசியில் பின்னால் எடுத்துக் கோட்டுக்குள் நிறுத்த வேண்டும், முழுசாக ஒடிக்காமல் முடியாது. ஒடித்தாள். அந்தக் கர்ர்ர் சத்தத்துக்கு மதில் மேல் இருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்துகொண்டு குதித்தார்.

"என்ன மேடம் சத்தம் அது?"

"சக்கரம் என் மாப்பிள்ளையோடது சார், வண்டி எங்களோடது. ரெண்டுக்கும் இன்னும் ஒத்துப்போகல."

அவர் சிரிக்கவில்லை. நாலு பக்கமும் குனிந்து பார்த்தார். "இதோட ரோட்டுல போகவே கூடாது. இங்கயே கழட்டச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். "ஆனா கோட்டை மிதிக்காம நிறுத்திட்டீங்க. பாஸ்" என்றார். அப்போதுதான் நான் ஆயிடுமின் சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். உங்கள் மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள், போட்டாள், மறுபடியும் கழற்றித் துடைத்தாள்.

அங்கேயே கழற்றச் சொன்னாரே, கழற்றினால் வண்டி எதில் வரும்? மெதுவாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம். பாஸான சந்தோஷத்தில் எங்கள் கேட் தூணில்தான் முன் சக்கரம் ஒன்று லேசாக உரசிவிட்டது. கையோடு நாலையும் கழற்றி உங்கள் வண்டியிலேயே மாட்டியாயிற்று. கீறல் விழுந்ததை, நீங்கள் அதிகம் போகாத இடது பின்பக்கத்தில் மாட்டச் சொன்னேன். அப்புறம் மனசு கேட்கவில்லை, எழுதிவிட்டேன். எங்கள் வண்டிக்குப் புதுச் சக்கரம் சொல்லியிருக்கிறது, இன்னும் வரவில்லை. நான் எழுதினது மகளுக்கோ மாமியாருக்கோ தெரிய வேண்டாம். நீங்கள் வரும்வரை உங்கள் காரை ஒருவர் விரல்கூடத் தொடாது, அதற்கு நான் பொறுப்பு.

மகளுக்கு என் ஆசி. நீங்கள் போகிற சாலையெல்லாம் பள்ளமில்லாமல் அமையட்டும்.

உங்கள் மேல் மரியாதையும் கொஞ்சம் பயமும் உள்ள
மாமனார்

பி.கு.: ஸ்டாம்ப் ஒட்டப் பசை எடுக்க உள்ளே போனேன், உங்கள் மாமியாரைக் காணோம். ஷெட்டில் போர்வை மட்டும் கிடக்கிறது. போன் செய்தேன். "வண்டிய ஓரமா நிறுத்திட்டுத்தான் பேசறேன். கியரே இல்லாத வண்டிக்கு என்னங்க பயம்? கீறலை மாப்பிள்ளைகிட்ட நேர்லயே காட்டிச் சொல்லிட்டு வந்துடறேன். பாதி தூரம் வந்தாச்சு, வைங்க" என்கிறாள். கடிதத்தைவிட அவள் முன்னால் வந்துவிடுவாள். இதை நீங்கள் படிக்கும் நேரம் எதிர் சோபாவில் உட்கார்ந்திருப்பாள். தயவுசெய்து சத்தம் போட்டுப் படிக்க வேண்டாம்.