பிஸ்டனைத் தாஜா பண்ணிய பெலான் அண்ணே

ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டு போகும்போது சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போனது என்றால், ஈப்போவிலேயே அது எங்கள் பெலான் அண்ணே ஒருவருக்குத்தான் நடந்திருக்கும். மலாயில் பெலான் என்றால் மெதுவாக. அந்தச் சொல் அவர் வாயில் ஓயாது. அதனால் எங்கள் தாமான் குடியிருப்பில் யாரும் அவருடைய நிஜப் பெயரைக் கேட்டதில்லை.

"இப்படி ஓட்டினா உள்ள படுத்திருக்கிறவரு கதி என்னண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவருக்கு ஏற்கெனவே இடுப்பு ஒடைஞ்சிருக்கு. நான் வேற ஒடைக்கணுமாலா?"

ஓய்வு பெற்ற பிறகு, வீட்டு வாசலில் வைத்து அக்கம்பக்கத்துக் கார்களுக்கு பிரேக் பேட் மாற்றிக் கொடுப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. கூலி வாங்க மாட்டார். ஆனால் கழற்றிய பழைய பேடை வெளிச்சத்தில் பிடித்து, ஜோசியர் கைரேகை பார்ப்பதுபோல் பார்த்து, பலன் சொல்வார். அதைக் கேட்டே தீர வேண்டும். எதிர்வீட்டு டீச்சரிடம், "காலையில லேட்டா எந்திரிக்கிறீங்க. கோவத்தை ரோட்டுல காட்டுறீங்க" என்றார். டீச்சர் கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை. அலாரத்தை மட்டும் முன்னதாக வைத்துக்கொண்டார் என்று கேள்வி.

என் முறை வந்தபோது என் மனைவி கலாவுக்கு நிறைமாதம். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய கார், பிரேக்கைத் தொட்டால் பன்றி கத்துவதுபோல் கத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெலான் அண்ணே வீட்டு வாசலில் அதை ஜாக்கியில் ஏற்றினோம். தங்கையைப் பார்க்க சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்த மச்சான் சிவாவும் கூட நின்றான். லாரி ஓட்டுகிறவன். எதையும் பலத்தால் சாதிக்கலாம் என்று நம்புகிறவன்.

சக்கரத் தட்டைப் பிடித்து நிறுத்தும் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். புதுப் பேட் தடிமன். பிஸ்டனை உள்ளே அனுப்பினால்தான் அதற்கு இடம். பெலான் அண்ணே முதலில் பானெட்டைத் திறந்து, பிரேக் எண்ணெய் டப்பாவிலிருந்து சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார். டப்பாவைச் சுற்றித் துணி கட்டினார்.

"பிஸ்டன் உள்ள போனா எண்ணெய் மேல பொங்கும். பெயிண்ட்ல பட்டுச்சு, உரிச்சு எடுத்துரும்."

பிறகு முன்சக்கரத்துப் பிஸ்டன்மேல் பழைய பேடை வைத்து, கிளாம்பைப் பூட்டி, கால் சுற்றுத் திருகினார். தேத்தண்ணீர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு கால் சுற்று.

"போ ராஜா... இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான்..."

"அண்ணே, அதுக்குக் காது கேக்குதா?" என்றான் சிவா.

"உன்னைவிட நல்லாவே கேக்குது."

முன்பக்கம் இரண்டும் முடிந்தன. பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு, பெலான் அண்ணே இன்னொரு கிளாஸ் தேத்தண்ணீர் எடுக்க உள்ளே போனார். சிவா உடனே கிளாம்பை மாட்டி, உடம்பு முழுவதையும் கொடுத்து முறுக்கினான். பிஸ்டன் அசையவில்லை. கைப்பிடியில் சொருக இரும்புக் குழாய் தேடினான்.

"நிறுத்துலா!" பெலான் அண்ணே கையில் கிளாஸோடு வாசலில் நின்றார். "பின்னால உள்ளது வேற ரகம். ஹேண்ட்பிரேக் இதுக்குள்ளதான் இருக்கு. சும்மா தள்ளினா போகாது. திருகிக்கிட்டே தள்ளணும். இன்னும் கொஞ்சம் அமுக்கியிருந்தா உள்ளுக்குள்ள ஒடைஞ்சிருக்கும்."

பிஸ்டன் முகத்தில் இரண்டு சிறிய பள்ளங்கள் இருந்தன. அவர் குறடு மூக்கை அவற்றில் கொடுத்துத் திருக ஆரம்பித்தார். அப்போதுதான் எங்கள் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு கலா கூப்பிட்டாள்.

"ஏங்க... பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு."

நான் கழற்றி வைத்த சக்கரத்தைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது. பெலான் அண்ணே கையைத் துடைத்தார்.

"கலா, என் கார்ல ஏறும்மா. தம்பி, அந்தச் சக்கரத்தைக் கீழ வச்சிட்டு நீயும் ஏறு. சிவா, நீ காவலுக்கு இரு. எதையும் தொடாதே."

அவர் ஓட்டிய வேகத்துக்கு, பாதி வழியில் மனிதரை இறக்கிவிட்டு நானே ஓட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஹாரன் அடித்துக்கொண்டு எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"அண்ணே, வேகமாப் போங்கண்ணே!" என்று கலா அலறினாள்.

"பெலான், பெலான்மா. இந்தா வந்துருச்சு."

தாண்டிப் போனவர்கள் எல்லாரும் அடுத்த சிவப்பு விளக்கில் நின்றார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது பச்சை விழுந்தது. அடுத்த விளக்கிலும் அப்படியே. எந்த விளக்கு எப்போது மாறும் என்பது அவருக்கு மனப்பாடம். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிவரை என் தோளில் சாய்ந்திருந்த கலாவின் தலை ஒருமுறைகூடக் குலுங்கவில்லை. கார் நின்றதே அவளுக்குத் தெரியவில்லை. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அழுதாள். நர்ஸ் கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

மத்தியானம் நான் பிரசவ வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது, எங்களை இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்த பெலான் அண்ணே வந்து என் கார் சாவியை நீட்டினார்.

"பிஸ்டன் உள்ள போயிருச்சு தம்பி. நாலு சக்கரத்துக்கும் பேட் மாத்தியாச்சு, முன்னுக்கும் பின்னுக்கும். பெடலை மிதிச்சு மிதிச்சுக் கெட்டியான பெறகுதான் வெளிய எடுத்தேன். அதை மறந்தா மொத மிதிக்கு பிரேக்கே இருக்காது."

"சிவா எங்கண்ணே?"

"என் காரை எடுத்துக்கிட்டுப் பின்னால வாரான். பாத்து மெதுவா வரச் சொன்னேன். இன்னும் காணோம்."

"என் பேடைப் பாத்தீங்களே, பலன் என்னண்ணே?"

என் முகத்தைப் பார்த்தார். "இன்னிக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகச் சொன்னேன். கைகளைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, கலாவின் குடும்பத்தார் யார் என்று மலாயில் கேட்டார்.

நான் எழுவதற்குள் பெலான் அண்ணே எழுந்து நின்றிருந்தார். நானும் அவரைத் தடுக்கவில்லை. அவர் முன்னால் போக, பின்னால் நான் போய் என் மகளைப் பார்த்தேன்.