சாய்ந்த தராசு வக்கீல்

பூந்தமல்லி
12-6-1972

சிரஞ்சீவி மைத்துனன் வீரராகவனுக்கு, கஜபதி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா வசந்தகுமாரியும் சௌக்கியம். நீ என் ஆபீஸ் சுவரில் எழுதிவிட்டுப் போன தராசுதான் சௌக்கியமில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை பட்டறையாக எம்ப்ளம் வரைந்து கொடுக்கிறாய், போல்ட்டுக்கே இறக்கை வைத்துப் பறக்கவிட்டவன் என்று பேர் வாங்கியிருக்கிறாய், வக்கீலுக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று உன் அக்கா சொன்னாள், நானும் மாடு மாதிரி தலையாட்டினேன். என் நாற்காலிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நீ எழுதி முடித்தபோது பார்த்தால் ஒரு தட்டு கீழே, ஒரு தட்டு மேலே. கேட்டதற்கு என்ன சொன்னாய்? "நேரா நிறுத்தினா படம் செத்துப்பூடும் மாமா, சாய்ச்சாத்தான் உசுரு கீது" என்றாய். படத்துக்கு உயிர் வந்துவிட்டது, என் தொழிலுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

சென்னீர்குப்பத்து அண்ணன் தம்பி, துலுக்கானமும் சின்னப்பையனும், அப்பா விட்டுப்போன நிலத்துக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத நேற்று வந்தார்கள். சீனியரை விட்டுத் தனியாக வந்தபின் எனக்கு வாய்த்த முதல் உருப்படியான வேலை இதுதான். இதுவும் போனால் மறுபடி அவர் வாசலில் போய்க் கேஸ் கட்டுத் தூக்க வேண்டும். அண்ணன் துலுக்கானம் தட்டு இறங்கிய பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பி உட்காரவே இல்லை, சுவரையே பார்த்தார். "இன்னா வக்கீல் சார், அண்ணன் பக்கம் கனமா கீது, எம்பக்கம் காலியா தொங்குது? முன்னாடியே பேசி முடிச்சுட்டீங்களா?" அது நீதியின் அடையாளமப்பா, எல்லாருக்கும் பொது என்றேன். "பொதுன்னா ஏன் சார் சாஞ்சிகினு கீது?" என்றார். சரி, இடம் மாறி உட்காருங்கள் என்றேன். மாறினார்கள், இப்போது அண்ணன் எழுந்துவிட்டார். காலண்டரை எடுத்து இறங்கிய தட்டின்மேல் மாட்டினேன், "மறைக்கிறாருடா, ஏதோ கீது" என்றார் தம்பியிடம். கடைசியில் நான் கும்பிடாத குறையாக, தராசை நேராக்கிவிடுகிறேன் என்றேன். அதற்குத் துலுக்கானம், "சமமா கீதுன்னா நாங்களே பிரிச்சுக்குவோம், வக்கீலு எதுக்கு?" என்றாரே பார்க்கலாம்! "வா அண்ணாத்தே, இந்தாளு நம்மளப் பிரிக்கப் பாக்கறாரு" என்று தம்பி அண்ணன் கையைப் பிடித்து இழுத்தார். பிரித்துக் கொடுக்கச் சொல்லித்தானே வந்தார்கள்! ஆளுக்கொரு சைக்கிளில் முறைத்துக்கொண்டு வந்தவர்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேசியபடி ஒன்றாகப் போனார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உள்ளூர் ஆளைக் கூப்பிட்டு அழித்துவிடலாம் என்றால், "என் தம்பி எழுதின சுவத்துல இன்னொருத்தன் கைய வெச்சா நான் அம்மா ஊட்டுக்குப் போயிடுவேன்" என்கிறாள் உன் அக்கா. ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை நீயே பிரஷ்ஷோடு வந்து இரண்டு தட்டையும் ஒரே மட்டத்தில் நிறுத்து. படம் செத்தாலும் பரவாயில்லை, நான் பிழைக்க வேண்டும். வராவிட்டால் என் கையாலேயே சுண்ணாம்பு அடித்துவிடுவேன், அப்புறம் உன் அக்காவை நீதான் சமாதானப்படுத்த வேண்டும்.

மாமியாருக்கு என் நமஸ்காரம். உனக்கு மேன்மேலும் வேலை குவியட்டும், என் சுவரில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
கஜபதி

பி.கு.: இதை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போதே அண்ணனும் தம்பியும் மறுபடி வந்துவிட்டார்கள். இப்போது பாகப்பிரிவினை வேண்டாமாம். தாங்களே அளந்து பிரிக்கலாம் என்று போய்ப் பார்த்தால், பக்கத்துச் செங்கல் சூளைக்காரன் வேலியை நகர்த்தி இவர்கள் நிலத்துக்குள் போட்டுவிட்டானாம், இரண்டு பேரும் சேர்ந்து அவன்மேல் கேஸ் போட வேண்டுமாம். என்னைத் தேடி ஏனப்பா வந்தீர்கள் என்று கேட்டேன். "பாகம் பிரிக்கத்தான் சார் நேரா நிக்கணும். கேஸுக்கு ஒரு பக்கமா சாயற வக்கீலுதான் வோணும்" என்றார் சின்னப்பையன். தட்டு இறங்கிய பக்கத்து நாற்காலியில் இருவரும் இடித்து நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொரு நாற்காலி காலியாக இருக்கிறதே என்று காட்டினால், "அது சூளைக்காரனுக்கு சார்" என்கிறார் துலுக்கானம். ஞாயிற்றுக்கிழமை அவசியம் சாப்பிட வா. பிரஷ்ஷை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.