மாமாவின் வெள்ளிக் காசும் என் திருநீறும்

வேலை தெரியாதவனை மன்னித்துவிடலாம். கேட்காத வேலையைச் செய்து கொடுப்பவனைத்தான் வீட்டுக்குள் விடக்கூடாது. நான் அந்த இரண்டாம் வகை.

அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் ஓர் அப்பார்ட்மென்டில் இருந்தோம். பக்கத்து ஊரான மார்க்கத்தில் மாமாவும் மாமியும் தனிவீட்டில். மாமா, அதாவது என் மனைவி சுகந்தியின் அப்பா, பழைய நாணயம் சேர்ப்பவர். பத்து நிமிடம் பேசினால் ஒன்பது நிமிடம் நாணயம். மிச்ச ஒரு நிமிடம் என் வேலை எப்போது நிரந்தரமாகும் என்ற விசாரணை. (இரண்டிலும் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.)

அவருடைய உயிர் ஒரு வெள்ளிக் காசில் இருந்தது. அமெரிக்கா பிறந்த புதிதில் அடித்த டொலர். இருநூறு வருடம் தாண்டியும் தேயவில்லை. அதிலிருந்த தலைவிரித்த பெண்ணின் முடி இழை இழையாகத் தெரியும். (“தலை இழுக்கவும் நேரமில்லாதவளோ உவள்?” என்பார் மாமி. அந்தக் காசு வாங்கிய வருடம்தான் அவருடைய இந்தியக் கோயில் பயணம் நின்றுபோனது.) இந்த வகைக் காசு கிடைப்பதே அரிது, இந்த நிலையில் கிடைப்பது அதைவிட அரிது என்று மாமா சொல்லுவார். அவருக்கு ஒரே ஆசைதான்: ஒரு நிபுணரிடம் அதன் தரத்துக்கு எழுத்தில் அத்தாட்சி வாங்கி, தன் நாணயச் சங்கத்துக் கண்காட்சியில் வைக்கவேண்டும்.

நிபுணரைப் பார்க்க நேரம் கிடைத்த வாரம் மாமாவுக்குக் கண் ஒப்பரேஷன். கார் ஓட்டக்கூடாது. வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, உம்மை நம்பித்தான் தாறன். கையால தொடாதையும். பிடிக்கிறதெண்டால் ஓரத்திலதான் பிடிக்கவேணும்.”

“ஓம் மாமா. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ.”

அவர் என்னை நம்பித் தந்த முதல் பொருள் அது. (மகளை நம்பித் தந்ததாகச் சொல்லமுடியாது.) எனக்குத் தலைகால் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உறையைத் திறந்தால், காசு கறுத்துக் கிடந்தது. ஓரமெல்லாம் நீலமும் மண்ணிறமும். எங்கள் வீட்டில் குங்குமச்சிமிழ் இப்படிக் கறுத்தால், வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கமுதல் அம்மா திருநீறு போட்டுத் தேய்த்துவிடுவார். கறுத்த வெள்ளியை நாலுபேர் முன்னால் வைப்பது எங்களுக்கு மானக்கேடு. அதுவும் ஒரு வெள்ளைக்காரர் முன்னால்! பாவம் மாமா, கண் தெரியாதபடியால் கவனிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். (என் மூளையைப் பற்றி நீங்கள் இப்போது நினைப்பதை நான் எப்போதோ நினைத்துவிட்டேன்.)

துணியில் திருநீறு எடுத்துத் தேய்த்தேன். மாமாவின் சொல்லைத் தட்டவில்லை, ஓரத்தில்தான் பிடித்தேன். அந்தப் பெண்ணின் முடி இடுக்குகளுக்கு ஒரு பழைய பல் பிரஷ். கடைசியாகப் புளி.

சுகந்தி எட்டிப் பார்த்தாள். “அப்பாவிட்டக் கேட்டனீங்களோ?”

“உதுக்கும் கேக்கவேணுமோ? சர்ப்ரைஸ்!”

டவுன்டவுன் கடையில் நிபுணர் பூதக்கண்ணாடியைக் காசின்மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, யார் இதைச் சுத்தம் செய்தது என்று கேட்டார். “நான்தான்” என்றேன், பரிசு வாங்க மேடையேறுபவனைப்போல. எதனால் என்றார். பசுவின் சாணத்தை எரித்து எடுத்த புனிதச் சாம்பல் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். மனிதர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கறுப்பு அழுக்கு இல்லையாம். இருநூறு வருடக் காற்று வெள்ளியில் தானாக ஏற்றிய நிறமாம். யாரும் கைவைக்காத காசு என்பதற்கு அதுதான் சாட்சி; அதற்குத்தான் மதிப்பு. இப்போது முடி முழுக்கக் கீறல். தேய்த்துக் கெடுத்த காசு என்றுதான் எழுதித் தரமுடியும் என்றார்.

காருக்குள் இருந்து அழுதேன். பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அழுதேன்.

மாமா சோபாவில் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தார். நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காசை வாங்கினார். அப்போதும் ஓரத்தில்தான் பிடித்தார்.

“நல்லா மினுங்குது,” என்றார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. மாமிக்கோ ஒரே சந்தோஷம். “இப்பதான் வெள்ளி மாதிரிக் கிடக்கு” என்று காசைச் சாமியறையில் வைத்துவிட்டார். இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் அந்த அமெரிக்கப் பெண்ணுக்குக் குங்குமம் வைக்கிறார்.

இது நடந்து இருபத்தேழு வருடமாகிறது. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் சொந்தக்காரர் தங்கள் வெள்ளிச் சாமான்களைப் பையில் போட்டு என்னிடம் கொண்டுவருகிறார்கள். (“உம்மைவிட்டால் ஆர்?”) நானும் வெட்கமில்லாமல் மினுக்கிக் கொடுக்கிறேன்.

போன மாதம் மகள் தான் கட்டப்போகும் பையனைக் கூட்டிக்கொண்டு மார்க்கம் வீட்டுக்கு வந்தாள். தோள்வரை முடி, கட்டாமல் விட்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. “பெரியாக்களைப் பாக்க வரமுதல் ஒருக்கால் சலூனுக்குப் போயிருக்கலாமே?” என்று தொடங்கினேன்.

சோபாவிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

“மருமோன், பெடியனில கை வையாதையும். உப்பிடியே இருக்கட்டும்.”

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை.